சின்னதாக ஒரு கேம் எழுதிப் பார்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதில் கேம் எழுதுகிறவன் நான். நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் இருபரிமாண கேம்களை மனத்தில் வைத்து எழுதியவை. முப்பரிமாணத்துக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கோடோ, யூனிட்டி போன்ற இன்ஜின்கள் (கேமுக்குத் தேவையான அடிப்படை வேலைகளைத் தயாராகத் தரும் மென்பொருட்கள்) இருக்கும்போது எதற்கு முதலிலிருந்து எழுத வேண்டும்?

கேமை வெளியிடுவதுதான் நோக்கம் என்றால் எழுத வேண்டாம், இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடோ அர்ஜென்டினாவில் பிறந்தது. 2014 முதல் எம்ஐடி உரிமத்தில் திறமூலமாக (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்படி) கிடைக்கிறது, காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை. யூனிட்டி 2023 செப்டம்பரில் நிறுவல் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர்களுக்கு திறமூலம் நிம்மதி என்பது என் கருத்து.

ஆனாலும் ஒரே ஒரு கேமையாவது இன்ஜின் இல்லாமல் எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். மற்ற புரோகிராம்களில் கணினியின் இயல்பு நமக்குத் தெரியாமலே போய்விடும். பில் போடும் மென்பொருள் அரை நொடி தாமதித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கேமில் அந்த அரை நொடிக்குள் பாத்திரம் பள்ளத்தில் விழுந்து செத்திருக்கும். நேரத்தையும் எண்ணையும் நினைவகத்தையும் கணினி உண்மையில் எப்படிக் கையாள்கிறது என்பது கேம் எழுதும்போது கண்முன்னே வந்து நிற்கிறது. இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

எந்த மொழியில் தொடங்கலாம்?

ஏற்கெனவே தெரிந்த மொழியில். பைத்தான் தெரிந்தால் பைகேம், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் பிரௌசரின் கேன்வாஸ், லுவா தெரிந்தால் லவ். சி தெரிந்தால் எஸ்டிஎல் அல்லது ரேலிப். திரையில் ஒரு செவ்வகம் வரைய வேண்டும், எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும், மணி பார்க்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால் கேம் எழுதலாம்.

ஒரு கேமுக்குள் என்னதான் நடக்கிறது?

முடிவில்லாத ஒரு லூப். விசைகளைப் படி, உலகைக் கொஞ்சம் நகர்த்து, திரையை வரை, திரும்பவும் முதலிலிருந்து. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு சுற்றுக்கு 16.67 மில்லிநொடிதான் கிடைக்கும். எதிரிகளின் அசைவு, மோதல், ஒலி, வரைதல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த ஃபிரேம் (ஒரு சுற்றில் வரையும் படம்) போய்விடும், பார்ப்பவருக்குத் திக்கித் தெரியும்.

என் கணினியில் சரியாக ஓடும் கேம், நண்பரின் கணினியில் மட்டும் படுவேகமாக ஓடுகிறதே?

ஃபிரேமுக்கு 4 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருப்பீர்கள். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது என்றால் நொடிக்கு 240 பிக்சல். நண்பரிடம் 144 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் அதே கோட் நொடிக்கு 576 பிக்சல் ஓடும். நேரத்தை ஃபிரேமால் அளந்ததன் விளைவு இது.

பழைய கேம்கள் அப்படித்தான் எழுதப்பட்டன, ஏனென்றால் அவை ஒரே ஒரு வகை இயந்திரத்தில் மட்டும் ஓடின. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசைகட்டி வருவார்கள். இயந்திரம் ஒரு ஃபிரேமுக்கு ஒருவரை மட்டும் நகர்த்தும். சுட்டுத் தள்ளத் தள்ள எண்ணிக்கை குறையும், மிஞ்சியவர்களின் முறை சீக்கிரம் சீக்கிரம் வரும், படையே வேகமெடுக்கும். கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இயந்திரத்தின் வரம்பிலிருந்து வந்த அந்த வேகத்தை நிஷிகாடோ சரிசெய்யாமல் அப்படியே விட்டுவைத்தார், அதுவே ஆட்டத்தின் உயிராகிவிட்டது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, வேகத்தை டெல்டா டைமால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்கிவிட்டேன். பிரச்சினை தீர்ந்ததா?

நேர்கோட்டில் சீராக நகரும் பொருளுக்குத் தீர்ந்தது. குதிக்கும் பொருளுக்குத் தீரவில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பாத்திரம் நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் மேலே குதிக்கிறது. ஈர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு 1800 வீதம் குறைக்கிறது. பள்ளி இயற்பியல்படி உச்ச உயரம், 600இன் வர்க்கத்தை 3600ஆல் வகுத்தால் வருவது: சரியாக 100 பிக்சல். கேமில் நாம் படிப்படியாகத்தான் கூட்டுகிறோம். ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு அந்த வேகத்தால் இடத்தை மாற்றுகிறோம். 60 ஹெர்ட்ஸில் இப்படி 20 ஃபிரேம் கூட்டினால் உச்சம் 95 பிக்சல். 30 ஹெர்ட்ஸில் 10 ஃபிரேம் கூட்டினால் 90. 144 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 98.

இப்போது 16 பிக்சல் உயரமுள்ள ஆறு கற்களை அடுக்கி ஒரு சுவர் வையுங்கள். உயரம் 96. 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் ஏறிவிடுவார். 60 ஹெர்ட்ஸ்காரர் ஒரே ஒரு பிக்சலில் தவறி விழுந்துகொண்டே இருப்பார். கோட் ஒன்றுதான், கேம் வேறாகிவிட்டது.

இதற்கு என்ன வழி?

உலகுக்கென்று தனிக் கடிகாரம் வையுங்கள். திரை எவ்வளவு வேகத்தில் புதுப்பிக்கப்பட்டாலும் உலகம் எப்போதும் 1/60 நொடி அளவிலான படிகளில்தான் நகர வேண்டும். ஃபிக்ஸட் டைம்ஸ்டெப் என்பார்கள்.

செய்முறை எளிது. ஒவ்வொரு ஃபிரேமிலும் உண்மையில் கடந்த நேரத்தை, உண்டியலில் சில்லறை போடுவது போல, ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். 1/60 நொடி சேர்ந்ததும் அதை எடுத்துச் செலவழித்து உலகை ஒரு படி நகர்த்துங்கள். இரண்டு படிக்குச் சேர்ந்திருந்தால் இரண்டு படி. மிச்சம் அடுத்த ஃபிரேமுக்கு. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 6.94 மில்லிநொடி, எனவே இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறைதான் உலகம் நகரும். 30 ஹெர்ட்ஸில் ஃபிரேமுக்கு இரண்டு படி. குதிக்கும் உயரம் எங்கும் 95தான்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விண்டோவை மவுசால் பிடித்து இழுத்தாலோ லேப்டாப் தூங்கி எழுந்தாலோ சேமிப்பில் ஒரேயடியாகப் பல நொடிகள் வந்து விழும். அத்தனை படிகளையும் ஓட்ட முயன்றால் அதற்கே நேரமாகும், அந்த நேரமும் சேமிப்பில் சேரும், கேம் மீளவே மீளாது. ஆகவே ஒரு ஃபிரேமில் கால் நொடிக்கு மேல் சேர்க்க வேண்டாம். இரண்டாவது, வரையும்போது மிச்சமிருக்கும் பின்னத்தைக் கொண்டு, பாத்திரத்தின் முந்தைய இடத்துக்கும் தற்போதைய இடத்துக்கும் நடுவில் கணித்து வரையுங்கள். அதைச் செய்யாவிட்டால் வேகமான திரையில் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? சின்ன கேம்தானே?

வேண்டும். உயரம் சரியாக வருவது இதில் கிடைக்கும் பலன்களில் சிறியது. பெரிய பலன், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவு என்பது.

1993இல் வந்த டூம் என்ற கேம் தன் உலகை நொடிக்கு 35 படி நகர்த்தியது. அதன் டெமோ கோப்பில் வீடியோ கிடையாது, பாத்திரங்கள் எங்கே நின்றன என்ற பதிவும் கிடையாது. ஒவ்வொரு படியிலும் ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பது மட்டுமே இருக்கும். அந்த உள்ளீட்டைத் திரும்பக் கொடுத்தால் சண்டை முழுவதும் அச்சு மாறாமல் மறுபடி நடக்கும். ரேண்டம் எண்களைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 256 எண்கள் கொண்ட நிலையான ஓர் அட்டவணையிலிருந்து வரிசையாக எடுத்தார்கள். அதிலும் விளையாட்டின் போக்கை மாற்றும் ரேண்டமுக்கு ஓர் இடக்குறி, மற்றவற்றுக்கு வேறு இடக்குறி. மூலநிரல் 1997இல் வெளியானது, இன்றும் படிக்கலாம். படியுங்கள், நான் மிகவும் மதிக்கும் கோட் அது.

உங்கள் சின்ன கேமில் இதன் பயன் உடனே தெரியும். எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் நிரல் பிழையை, பதிவுசெய்த உள்ளீட்டை ஓட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ரீப்ளே வசதி ஏறக்குறைய இலவசமாக வந்துவிடும்.

தோட்டா சுவரை ஊடுருவிப் போகிறது. ஏன்?

நொடிக்கு 3000 பிக்சல் என்றால் ஒரு படிக்கு 50 பிக்சல். சுவரின் தடிமன் 16. ஒரு படியில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். இரண்டு நேரத்திலும் மோதல் இல்லை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு சுவரை வெட்டுகிறதா என்று பாருங்கள். அல்லது வேகமான பொருட்களை மட்டும் ஒரு படிக்குள் நான்கைந்து துண்டுகளாக நகர்த்துங்கள்.

0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. இது நிரல் பிழையா?

இல்லை. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போவதைப் போலவே, கணினி பயன்படுத்தும் ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) 0.1 முடிவில்லாமல் போகும். எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வெட்டு ஒருமுறை நடந்தால் பாதகமில்லை. திரும்பத் திரும்பக் கூட்டும்போதுதான் ஆபத்து, கேம் முழுக்க நாம் செய்வது அதைத்தான்.

32 பிட் ஃப்ளோட்டில் (பின்ன எண்களை வைக்கும் மாறியில்) கேம் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்று வைத்து, ஒவ்வொரு படியிலும் 1/60 கூட்டுகிறீர்கள் என்று கொள்ளுங்கள். மதிப்பு பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் பெரிதாகும். 5,24,288 நொடியில், அதாவது சுமார் ஆறு நாளில், அந்த இடைவெளி 1/16 நொடி ஆகிவிடுகிறது. 1/60 அதில் பாதிகூட இல்லை. கூட்டியதும் பழைய எண்ணுக்கே வட்டமாகிவிடும். உங்கள் கேமின் கடிகாரம் அங்கேயே நின்றுவிடும். கடைவாசலில் இரவும் பகலும் ஓடவிட்ட ஒரு டெமோவுக்கு இது நிஜமாகவே நேரலாம்.

இதே வகைப் பிழை உயிர்களையும் வாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளம், வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது, 0.1ஐ 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. ஏறக்குறைய 100 மணிநேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

நேரத்தை முழு எண்ணாக, கடந்த படிகளின் எண்ணிக்கையாக வையுங்கள். நொடி தேவைப்படும்போது மட்டும் 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முழு எண் தேயாது.

எதிரிகளுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதத் தெரியாதே?

பேக்மேனைப் பாருங்கள். டோரு இவாதானி வடிவமைத்து 1980இல் வந்தது. நான்கு பேய்களும் கூடிப் பேசித் திட்டம் போட்டுத் துரத்துவது போலவே இருக்கும். உள்ளே இருப்பது, பேய்க்கு ஓர் இலக்குக் கட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த இலக்குக்கு நேர்த்தொலைவு எந்த வழியில் குறைவோ அந்த வழியில் திரும்பும், வந்த வழியே திரும்பாது.

சிவப்புப் பேயின் இலக்கு, பேக்மேன் நிற்கும் கட்டம். இளஞ்சிவப்புப் பேயின் இலக்கு, பேக்மேன் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால். அதனால் அது வழிமறிப்பது போலத் தோன்றும். நீலப் பேய்க்கு, பேக்மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி வைத்து, சிவப்புப் பேயிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்து, அதே நீளம் இன்னும் அப்பால் நீட்டினால் வரும் இடம். சிவப்பு நெருங்க நெருங்க நீலமும் நெருங்கும், இரண்டு பக்கமும் அடைத்துவிடும். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் சிவப்பைப் போலத் துரத்தும், பக்கத்தில் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும்.

நான்கே விதிகளில் நான்கு குணங்கள்! இளஞ்சிவப்புப் பேயின் கணக்கில் ஒரு பிழைகூட உண்டு. பேக்மேன் மேலே பார்க்கும்போது இலக்கு நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடப்பக்கமும் போய்விடும். நீலப் பேயின் கணக்கிலும் அந்தப் பிழை உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதை வைத்தே பேய்களுக்குத் தண்ணி காட்டுவார்கள்.

கணிதம் எவ்வளவு வேண்டும்?

வெக்டர் கூட்டல், நீளம் காண்பது, டாட் பெருக்கல், சைன், கோசைன். பிளஸ் டூ கணிதத்தில் எல்லாம் இருக்கிறது. மூலைவாட்டில் போகும்போது பாத்திரம் 41 சதவீதம் வேகமாக ஓடினால், வெக்டரின் நீளத்தை 1 ஆக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

குதிப்பது சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விளையாட நன்றாக இல்லை என்கிறார்களே?

மனிதக் கை 16 மில்லிநொடித் துல்லியத்தில் இயங்குவதில்லை. விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கண நேரம் குதிக்க அனுமதி கொடுங்கள். 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் இந்தச் சலுகை பத்தில் ஒரு நொடி. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்து, தொட்டதும் குதிக்கவையுங்கள். பொத்தானைச் சீக்கிரம் விட்டால் குட்டிக் குதி, பிடித்துக்கொண்டால் உயரக் குதி. இயற்பியல் புத்தகத்துக்கு விரோதமாக ஆட்டக்காரர் பக்கம் சாய வேண்டிய இடம் இது.

என் லேப்டாப் பழசு. போதுமா?

1989இல் வந்த கேம் பாயில் திரை 160×144 பிக்சல், வேலைக்கான நினைவகம் 8 கிலோபைட். ஒரு ஃபிரேமுக்குக் கிடைத்தவை 70,224 கடிகாரத் துடிப்புகள். இரண்டு கிகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு கோர் உங்களுக்குத் தருவது சுமார் 3 கோடியே 33 லட்சம். தாராளமாகப் போதும்.

அப்படியும் திக்கினால் ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். பெரும்பாலும் காரணம் நினைவகமாக இருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கித் தூக்கி எறிந்தால், பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ லுவாவோ, குப்பையை, அதாவது இனி பயன்படாத நினைவகத்தை, அள்ள ஆட்டத்தை நடுவில் நிறுத்தும். தோட்டாக்களை முன்கூட்டியே உண்டாக்கி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சி போன்ற மொழியில் எழுதினால் அவற்றை ஒரே அரேயில் அடுத்தடுத்து வையுங்கள். பெரும்பாலான சிபியுக்கள் நினைவகத்தை 64 பைட் வரிகளாகத்தான் கேஷுக்கு (சிபியுவுக்கு அருகிலுள்ள வேகமான சிறு நினைவகத்துக்கு) கொண்டுவருகின்றன. பக்கத்தில் இருப்பதைப் படிப்பது ஏறக்குறைய இனாம்.

கோட் முழுவதையும் ஏஐயிடம் எழுதச் சொல்லலாமா?

படங்களை ஏற்றுவது, மெனு போன்றவற்றுக்குச் சொல்லுங்கள். கேம் லூப்பையும் மோதலையும் நீங்களே எழுதுங்கள். 96 பிக்சல் சுவரில் ஒருவர் ஏறுகிறார், இன்னொருவர் ஏற முடியவில்லை என்ற புகார் வரும்போது எங்கே தேடுவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பொழுதுபோக்குக்காக எழுதும்போது அந்தத் தேடல்தான் சுகமே.

முதல் கேமாக எதை எழுதலாம்?

பாங், மட்டையால் பந்தைத் தட்டி ஆடும் கேம். 1972இல் ஆலன் ஆல்கார்ன் அதை அட்டாரிக்காக உருவாக்கியபோது அதில் சிபியுவே கிடையாது, வெறும் லாஜிக் சிப்கள். அதன் பிறகு செங்கல் உடைக்கும் கேம், அதன் பிறகு குதிக்கும் கேம். மூன்றிலும் தொடக்கத் திரை, ஒலி, தோற்றால் மறுபடி தொடங்கும் வழி எல்லாம் வைத்து முழுசாக முடியுங்கள். ஓவியத்துக்குக் காத்திருக்க வேண்டாம், வண்ணச் செவ்வகங்கள் போதும். தனியாக உட்கார்ந்தால் முடிக்க முடியவில்லை என்றால், 2002 முதல் நடந்துவரும் லூடம் டேர் போன்ற கேம் ஜாமில் (குறித்த நேரத்துக்குள் கேம் எழுதி முடிக்கும் நிகழ்வில்) சேருங்கள். அங்கே 48 மணிநேரப் போட்டி உண்டு. கெடு இருந்தால் கை தானாக ஓடும்.

கேமில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. "கொ" என்று தட்டச்சு செய்தால் நினைவகத்தில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி என இரண்டு யூனிகோட் குறிகள் இருக்கும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஷேப்பிங். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் அதைச் செய்கிறது. எளிய கேம் லைப்ரரிகள் பலவும் குறிகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரைந்துவிடும், அதனால் உடைகிறது. கோடோ 4 ஹார்ஃப்பஸைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, அங்கே தமிழ் சரியாக வரும். பிரௌசரின் கேன்வாஸிலும் வரும். மற்ற இடங்களில் ஹார்ஃப்பஸை நீங்களே இணைக்க வேண்டும், அல்லது வசனங்களை முன்கூட்டியே படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல் விளையாட்டு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "தமிழ்" என்பது யூடிஎஃப்-8இல் 15 பைட், யூனிகோடில் 5 குறிகள், நமக்கு 3 எழுத்துகள். பைத்தானில் நீளம் கேட்டால் 5 என்றுதான் வரும். குறுக்கெழுத்துக் கட்டத்தில் மெய்யையும் அதன் புள்ளியையும் வேறு வேறு கட்டத்தில் போட்டால் ஆடுகிறவர் எழுந்து போய்விடுவார். கிராஃபீம் (ஓர் எழுத்தாகக் கண்ணுக்குத் தெரியும் குறிகளின் தொகுதி) என்ற அலகால் பிரியுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் அதைச் செய்யும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் அந்த விதியில் இரண்டிரண்டாகப் பிரியும், அவற்றை ஒன்றாகச் சேர்க்க நீங்களே இரண்டு வரி எழுத வேண்டும். வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றும் கேம் என்றாலும் இதே அலகைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் "மி" வருவதற்கு முன் ஒரு கணம் "ம" வந்து மின்னும், பிறகு இகரக் குறி முளைக்கும்.